டிஸ்சார்ஜ்: இறக்கி வைக்கப்படுவது எந்தச் சுமை?

மருத்துவ ஆவணங்களையும் சட்ட ஆவணங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் கொடுத்தனுப்பும் அறிவுரைத் தாள் ஒன்று, வேறொருவர் மொழிபெயர்த்த நிலையில், சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. ‘டிஸ்சார்ஜ் ஏற்பட்டால் உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளவும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. ஆங்கில மூலம் பேசியது தையல் போட்ட இடத்திலிருந்து நீரோ சீழோ வடிவதைப் பற்றி. ஆனால் தமிழ் பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு டிஸ்சார்ஜ் என்றால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது என்ற ஒரே பொருள்தான். ஐயம் தீர, அந்தத் தாளை ஒரு பெரியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “வீட்டுக்குப் போனதும் டாக்டருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லணும், அவ்வளவுதானே?” என்று கேட்டார். காயத்தில் தொற்று தொடங்கியிருப்பதைக் காட்டக்கூடிய அறிகுறியைப் பற்றிய எச்சரிக்கை, மரியாதைக்காகச் செய்யும் தொலைபேசி அழைப்பாக மாறிவிட்டிருந்தது.

இந்த வினைச்சொல்லின் பொருள்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் ஏற்றுவது என்ற வினை அதிலிருந்து பிறந்தது. செய்ததை மாற்றிச் செய்வதைக் குறிக்கும் ‘டிஸ்’ என்ற முன்னொட்டு அதனுடன் சேர்ந்தபோது, ஏற்றிய சுமையை இறக்குவது என்ற பொருள் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த இச்சொல்லுக்குக் கார், கார்கோ, சார்ஜ், கேரி ஆகியவை எல்லாம் உறவுச் சொற்கள். கப்பல் வணிகத்தின் ஆவணங்களில் இன்றும் சரக்கு இறக்கும் துறைமுகத்தைக் குறிக்க இச்சொல்லையே எழுதுகிறார்கள். மருந்து ஏற்றிய துப்பாக்கி வெடிப்பதும், மின்கலம் தன்னிடமிருந்த மின்னூட்டத்தை இழப்பதும், மேகம் மின்னலாய்ப் பாய்வதும், புண் சீழை வெளியே தள்ளுவதும், ஆலை தன் கழிவு நீரை ஆற்றில் விடுவதும் அந்தப் பழைய வண்டியின் வழிவந்தவையே. இவற்றை மொழிபெயர்ப்பது பெரிய சிக்கல் அல்ல; எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டால் வெடித்தல், பாய்தல், வடிதல், வெளியேற்றுதல் என்று தமிழே வழிகாட்டிவிடும்.

சிக்கல் மனிதர்கள் சுமக்கும் சுமைகளில்தான் தொடங்குகிறது. சுமை இறக்குவதில் இரண்டு தரப்புகள் உண்டு: சுமப்பது ஒன்று, சுமக்கப்படுவது மற்றொன்று. ஆங்கிலம் இந்த வினைக்கு இரண்டையுமே செயப்படுபொருளாக ஏற்றுக்கொள்கிறது. சரக்கையும் டிஸ்சார்ஜ் செய்யலாம், கப்பலையும் டிஸ்சார்ஜ் செய்யலாம். கப்பலுக்கும் சரக்குக்கும் இதனால் ஒரு கேடும் இல்லை. ஆனால் ஓர் அலுவலர் தம் கடமையை டிஸ்சார்ஜ் செய்தார் என்றால் அதைச் செய்து முடித்தார் என்று பொருள். அவரைக் கடமையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்தார்கள் என்றால் இனி அவர் அதைச் செய்ய வேண்டியதில்லை என்று பொருள். முதல் வாக்கியம் அவருக்குப் பெருமை. இரண்டாவது அவருடைய வேலை போனதையே குறிக்கலாம். இரண்டையும் ‘விடுவித்தல்’ என்ற ஒரே சொல்லால் எழுதிய ஒரு பணி ஒப்பந்த வரைவை நானே திருத்தியிருக்கிறேன்.

கடனைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் ஆழமான பள்ளம். ஒருவர் தம் கடனை டிஸ்சார்ஜ் செய்தார் என்றால் பணத்தைக் கட்டித் தீர்த்துவிட்டார். ஆனால் நொடிப்பு வழக்கில், அதாவது கடனைக் கட்ட வழியில்லாதவர் தொடர்பான வழக்கில், நீதிமன்றம் ஒருவரைக் கடன்களிலிருந்து டிஸ்சார்ஜ் செய்தது என்றால், அந்தக் கடன்களில் கட்டப்படாமல் நின்ற தொகையை அவர் இனிக் கட்ட வேண்டியதில்லை. கடன் கொடுத்தவரின் கண்ணால் பார்த்தால், முன்னது முழுப்பணமும் கைக்கு வந்த கதை, பின்னது கைவிட்டுப் போன கதை. முன்னதற்குத் தமிழில் ‘கடனைத் தீர்த்தார்’ என்றும், பின்னதற்குக் ‘கடன் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்றும் தெளிவாக எழுத முடியும். அப்படி எழுதாமல் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் போட்டுவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நீதிமன்றத்தில் இச்சொல் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியக் குற்றவியல் நடைமுறையில், வழக்கை மேலே நடத்தப் போதிய அடிப்படை இல்லை என்று கண்டால், குற்றச்சாட்டு வனையப்படுவதற்கு (நீதிமன்றம் அதை முறைப்படி எழுதிப் பதிவதற்கு) முன்பே நீதிபதி ஒருவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறார், இதுதான் டிஸ்சார்ஜ். முழு விசாரணைக்குப் பின் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளிப்பது விடுதலை. அதற்கு ஆங்கிலத்தில் ‘அக்விட்டல்’ என்று வேறு சொல் உண்டு. விடுவிக்கப்பட்டவர் மீது புதிய சான்று கிடைத்தால் மீண்டும் நடவடிக்கை வரலாம். தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. செய்தி எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும்போது, படிப்பவர் நடக்காத விசாரணை ஒன்று நடந்து முடிந்ததாக நம்பிவிடுகிறார். இங்கிலாந்திலோ ‘கண்டிஷனல் டிஸ்சார்ஜ்’ பெற்றவர் குற்றம் செய்தவர் என்றே உறுதியாகிவிட்டது. உடனடித் தண்டனை மட்டும் இல்லை. அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் அவர் இன்னொரு குற்றம் செய்தால், பழைய குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டிக்கப்படலாம். இங்கிலாந்தின் ஆணையை இந்திய வழக்கச் சொல்லால் ‘வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று மொழிபெயர்த்துக் குடியேற்ற விண்ணப்பத்தோடு இணைத்தால், விண்ணப்பித்தவர் உண்மையை மறைத்ததாகவே அதிகாரிகள் எண்ணக்கூடும். ஒரு சொல்லால் வரும் பழியை அவர் சுமக்க நேரும்.

ஒருபொருட் சொற்களின் பட்டியலை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். டிஸ்சார்ஜுக்கு இணையாக ஆங்கில அகராதிகள் ரிலீஸ் (விடுவித்தல்), டிஸ்மிஸ் (பணிநீக்கம்), பெர்ஃபார்ம் (நிறைவேற்றுதல்), எமிட் (வெளியிடுதல்), அன்லோட் (சுமை இறக்குதல்) என்று அடுக்குகின்றன. அவை ஒவ்வொன்றும் இச்சொல்லின் ஒரு முகத்துக்கு மட்டுமே இணை. தங்களுக்குள் அவை இணையே அல்ல. பணியிலிருந்து நீக்குவதும் பணியை நிறைவேற்றுவதும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே இது புரியும். ஆகவே இந்த வினை எதிர்ப்படும் இடத்தில், இங்கே சுமை எது, அதைச் சுமப்பவர் யார், அதை இறக்கியவர் யார் என்று கேட்டுப் பார்க்கிறேன். மூன்றுக்கும் விடை கிடைத்தால் தமிழ்ச்சொல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஏதேனும் ஒன்றுக்குக் கிடைக்காவிட்டால் ஆவணத்தை அனுப்பியவருக்கு எழுதிக் கேட்கிறேன். உங்கள் கையில் இருக்கும் ஆங்கில ஒப்பந்தத்திலோ கடன் பத்திரத்திலோ இச்சொல்லைக் கண்டால், கையெழுத்திடும் முன் இதே கேள்விகளை எதிர்த்தரப்பிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த அறிவுரைத் தாளில் அன்று அந்த வரியை, ‘தையல் போட்ட இடத்திலிருந்து நீரோ சீழோ வடிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்’ என்று மாற்றினேன். தாளின் தலைப்பில், ‘டிஸ்சார்ஜுக்குப் பின் கவனிக்க வேண்டியவை’ என்று இருந்ததை மட்டும் தொடவில்லை. அந்த இடத்தில் அந்தப் பெரியவருக்கு விளங்கும் சொல் அதுதான்.