புதுச்சேரியில் வீடு கட்டுமுன்: நிலநடுக்க விதி உங்கள் மண்ணிடம் கேட்பது என்ன?

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்தது. சென்னை வரை உணர்ந்தார்கள். அப்படியிருந்தும் "நம்ம ஊர் நிலநடுக்க ஆபத்து குறைந்த மண்டலம் 2தானே" என்று மண் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். மண்டலம் ஊருக்குப் பொது. மண் மனைக்கு மனை மாறும். லாஸ்பேட்டை செம்மண் மேடும் வீராம்பட்டினத்துக் கடலோர மணலும் ஒன்றாகிவிடாது.

கட்டடங்களுக்கான இந்திய நிலநடுக்கத் தரவிதி ஐ.எஸ். 1893 பகுதி 1 (2016). அதன்படி, நிலநடுக்க விசையைக் கணக்கிட மண்டலம் 2-க்கான எண் 0.10. அடுத்து, மேல் 30 மீட்டர் மண்ணின் சராசரி 'என்' மதிப்பைப் (மண்ணில் குழாயை இறக்கத் தேவைப்படும் சுத்தியல் அடிகளின் எண்ணிக்கை) பார்க்க வேண்டும். தோராயமாக 30-க்கு மேல் கெட்டி மண், 10 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கும் கீழே இளகிய மண். சுமார் 24 மீட்டர் உயரக் கான்கிரீட் சட்டகக் கட்டடத்தின் இயல்பு அலைவு நேரம் (ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம்) 0.8 வினாடி அளவில் இருக்கும். அதற்கான கெழு, அதாவது விசைக் கணக்கில் பெருக்கும் எண், கெட்டி மண்ணில் 1.25, இளகிய மண்ணில் 2.09. ஆக, கட்டடத்துக்குக் கணக்கிடும் நிலநடுக்க விசை 67 சதவீதம் கூடுகிறது.

7 மீட்டர் உயர மாடி வீட்டுக்கு எந்த மண்ணிலும் கெழு 2.5தான். இதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சின்ன வீட்டுக்கு ஆபத்து அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கிறது. நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது இடுக்கிலுள்ள நீரின் அழுத்தம் ஏறும். மணிகள் ஒன்றையொன்று தாங்குவது நின்றுபோகும். மணல் கூழாகி வீடு சாயும், புதையும். இதைக் கணக்கிடும் முறை அதே விதியின் பின்னிணைப்பில் உண்டு. அதற்கு ஆழவாரியாக 'என்' மதிப்பு, நுண்மண் (வண்டல், களி போன்ற மிகப் பொடி மண்) சதவீதம், நிலத்தடி நீர்மட்டம் மூன்றும் வேண்டும். ஆற்றோர, கடலோர மனை என்றால் இவை இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள்.

மண் பரிசோதனைக்காகத் துளை (போர்) போடும்போது நேரில் போய் நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து தடையில்லாமல் விழ வேண்டும். முதல் 15 செ.மீ. இறங்கும் அடிகளை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு விழும் அடிகளை எண்ணினால் அதுதான் 'என்'. கயிறு உருளையில் இறுகிக்கொண்டாலோ, கை ஓய்ந்து 60 செ.மீ.தான் தூக்கினாலோ அடி கூடும். தளர்ந்த மணல் கெட்டி மணலாக அறிக்கையில் ஏறிவிடும். இந்தத் தவறுதான் உயிருக்கு ஆபத்து. இன்னொன்று நேர்மாறானது: துளைக்குள் நீரை நிலத்தடி மட்டத்துக்கு மேலே வைத்திருக்காவிட்டால் அடிமணல் பொங்கி இளகும், 'என்' குறைந்து வீண்செலவு வைக்கும்.

அறிக்கையின் தேதியையும் பாருங்கள். மே மாதத்தில் எடுத்த நீர்மட்டம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஏறிவிடும். அக்கம்பக்கத்துக் கிணற்றில் அடைமழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று விசாரித்து, அந்த மட்டத்தை வைத்தே கணக்குப் போடும்படி இன்ஜினியரிடம் எழுதிக் கொடுங்கள்.