வயிற்றில் பிள்ளை இருக்கையில் பாம்பு கடித்தால்

மகப்பேற்று விடுதிக்குப் பாம்புக்கடியோடு வருகிற தாய்மார் அதிகமில்லை. வருகிறவர்களில் பலர் பிந்தி வருகிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து வரும் தூரம் ஒரு காரணம். அதைவிடப் பெரியது பயம். "விச ஊசி போட்டா வயித்துப் புள்ளைக்கு ஒண்டும் ஆகாதா டொக்டர்?" என்று, விசத்தை முறிக்கும் ஊசியைப் பற்றி மாமிமார் கேட்காமல் விடுவதில்லை. இந்தப் பயத்தில் முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரியாரிடம் போய், சாறு குடித்து, சத்தி எடுத்து, அப்புறம்தான் எங்களிடம் வருகிறார்கள்.

கண்ணாடி விரியனின் (புடையன்) விசம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைப் புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்போம். கட்டியாகாமல் தண்ணீர்போல ஓடினால் தாயின் உடம்புக்குள்ளும் அதுதான் நிலைமை. நஞ்சுக்கொடியின் பின்னால் இரத்தம் கசிந்து, அது கருப்பைச் சுவரிலிருந்து பிரியலாம். தாயின் பிரசர் விழுந்தால் பிள்ளைக்கு ஒட்சிசன் குறையும். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே பிள்ளை இறப்பது எல்லாம் இப்படி நடக்கலாம்.

விச ஊசிக்கும் பக்கவிளைவு உண்டு, மறைக்கத் தேவையில்லை. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது என்பதால் சிலருக்குத் தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு, பிரசர் இறக்கம் வரும். அதனால்தான் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுகிறோம். விசம் ஏறிய அறிகுறி இருந்தால் கர்ப்பிணிக்கும் கட்டாயம் போட வேண்டும், அளவும் குறையாது. பாம்பு ஆள் பார்த்து விசத்தைக் குறைப்பதில்லையே. எல்லாக் கடிக்கும் ஊசி தேவைப்படாது என்பதும் உண்மை. குன்றுமூக்கு விரியனுக்கு இங்குள்ள மருந்து வேலை செய்யாது. அதற்கு வேறு விதமாகத்தான் சிகிச்சை.

எனக்கு அதிகம் கவலை தருவது கட்டுவிரியன். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வட்டை வாடியிலும் (வயல் குடிசை) வீட்டிலும் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களை அது இரவில் கடிக்கும். வீக்கமில்லை, பல் தடமும் பல நேரம் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி வரும். நிறைமாதக்காரி என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பிரசவ வலி, இல்லாவிட்டால் கேஸ்ட்ரிக். அப்புறம் இமை சொக்கும், 'நித்திரை காணாது' என்பார்கள். பேச்சுக் குழறி மூச்சுத் திணறும்வரை யாருக்கும் பாம்பு ஞாபகம் வராது. நிலத்தில் படுத்த கர்ப்பிணிக்கு வயிற்றுவலியோடு இமையும் தூக்க முடியாவிட்டால், கடித்ததைக் காணாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். படுக்கக் கட்டிலும் நுளம்பு வலையும் கொடுத்தால் இந்தக் கடியில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கடித்துவிட்டால் மோதிரம், காப்பைக் கழற்றி, இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். வலிக்கு அஸ்பிரினோ டைக்ளோபெனாக்கோ வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கார்டையும் கையோடு எடுங்கள், இரத்த வகை அதில் இருக்கும். நெகட்டிவ் வகைத் தாய்க்கு இரத்தக் கசிவு இருந்தால் வேறோர் ஊசியும் தேவைப்படலாம். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம், எட்ட நின்று போனில் ஒரு படம் போதும்.

தாய் தேறியதும் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தரச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். பிள்ளைக்குப் பாதிப்பு சில நாள் கழித்தும் தெரியவரலாம். இதயத்துடிப்பும் ஸ்கேனும் பார்க்காமல் போகாதீர்கள். வீட்டுக்குப் போனபின் குடும்பநல மாதுவிடம் கடித்த விசயத்தைச் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ இரத்தம் பட்டாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.