கொதிக்கும் லொறியும் கிணற்றுத் தண்ணீரும்

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதற்காக நிறுத்தப்படும் லொறிகளுள் ஒன்றிரண்டு, கற்பூரம் அணைந்து மற்ற வாகனங்கள் போன பின்னரும் புறப்படாமல் நிற்பதைப் பெரும்போக அறுவடைக் காலத்தில் அடிக்கடி காணலாம். சாரதி ஐந்து லீற்றர் கானுடன் தண்ணீர் தேடிப் போயிருப்பார். உதவியாள், எஞ்சின் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றரின் மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். தண்ணீர் விட்டதும் லொறி ஓடும், பரந்தனுக்குள் மறுபடியும் கொதிக்கும். இப்படியே ஒரு போகம் முழுவதையும் ஓட்டிவிட்டு, எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வெடித்த பிறகு என் கராஜுக்கு வருகிறவர்களே அதிகம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை அந்த நிலை நீடித்ததால், இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஓடிய லொறிகளைக் கழிக்கவும் முடியாமல், விலையேறிய உதிரிப்பாகங்களை வாங்கவும் முடியாமல் வன்னியில் பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் வரும்போதே, "அண்ணை, றேடியேற்றர் மாத்தவேணும்" என்று தீர்ப்புடன் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது, எப்போது கொதிக்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான்.

வயற்கரையில் நின்றபடியோ, மெதுவாக ஊர்ந்துபோகும்போதோ மட்டும் கொதித்து, தார் வீதியில் ஏறி வேகமெடுத்ததும் தணிந்தால், குறை பெரும்பாலும் காற்றின் பக்கத்தில் இருக்கிறது. ஃபான் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது விசிறியைச் சுற்றி வரும் தகரக் கூட்டை முன்பொருவர் கழற்றியபின் மாட்டாமல் விட்டிருக்கலாம். அந்தக் கூடு இல்லாவிட்டால் விசிறி றேடியேற்றருக்கு ஊடாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம், நெற்பதரும் வைக்கோல் தூளும் கிரவல் புழுதியும் கசியும் எண்ணெயுடன் சேர்ந்து றேடியேற்றர்த் தகடுகளுக்கிடையில் களியாக இறுகிவிடுவதாகும். அதை முன்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். எண்ணெயை முதலில் கரைத்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக, தகடு மடியாத அளவு மென்மையாகக் கழுவ வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் வவுனியாவிலிருந்து வடக்கே பாரத்துடன் மெதுவாக வரும் லொறி, திரும்பிப் போகும்போதை விட அதிகம் சூடாவதையும் கவனித்திருக்கிறேன். காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் முகப்பில் மோதும் காற்றுக் குறைகிறது.

நிற்கும்போது நன்றாக இருந்து, பாரத்துடன் வேகமாக ஓடும்போது மட்டும் கொதித்தால், தண்ணீர் ஓட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் கிரவல் ஏற்றி ஓடிய லொறி ஒன்று இரண்டு தடவை றேடியேற்றர் மாற்றப்பட்ட பின்னரும் கொதித்துக்கொண்டே இருந்தது. முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை உயர்ந்த வேகத்தில் உறுமவிட்டபோது, றேடியேற்றரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் ஹோஸ் இரு பக்கமும் ஒட்டித் தட்டையாவதைக் கண்டோம். பம்பின் உறிஞ்சலைத் தாங்குவதற்காக ஹோஸுக்குள் இருந்த கம்பிச் சுருள் துருப்பிடித்துக் கரைந்துபோயிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஹோஸ் விரிந்துவிடுவதால், நிறுத்திப் பார்த்த எவருடைய கண்ணிலும் அது படவில்லை.

காலையில் ஆறிய எஞ்சினை இயக்கி ஐந்து பத்து நிமிடங்களுக்குள் கொதித்தால் அது வேறு கதை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் தேர்மோஸ்டாட் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், இல்லாவிட்டால் ஹெட்டின் அடியில் கசிவை அடைக்கும் ஹெட் காஸ்கட் போயிருக்கலாம். ஆறிய நிலையில் மூடியைத் திறந்துவைத்து இயக்கும்போது றேடியேற்றர் வாயில் குமிழிகள் ஓயாமல் வந்தாலும், எஞ்சின் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலும், காஸ்கட்டையே சந்தேகிக்க வேண்டும், வேறு சோதனைகளில் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

தேர்மோஸ்டாட் வால்வைப் பற்றி எனக்குக் கோபமாகவே எழுத வருகிறது. எங்கள் நாட்டு வெயிலுக்கு அது தேவையில்லை என்று சொல்லிக் கழற்றி வீசுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வால்வு ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் திறக்கத் தொடங்குகிறது. பல எஞ்சின்களில் அது திறக்கும் அதே வேளையில், றேடியேற்றருக்குப் போகாமல் தண்ணீர் நேரே பம்புக்குத் திரும்பும் குறுக்கு வழியையும் அடைக்கிறது. வால்வே இல்லாவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்திருப்பதால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினைச் சுற்றிவரும். கொதிப்பைத் தணிக்கக் கழற்றியதே கொதிப்புக்குக் காரணமாகிறது. வால்வு நல்லதா என்று அறிய, அதைச் சட்டித் தண்ணீரில் அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் வைத்துச் சூடாக்கி, அந்த 80 பாகையை அண்டித் திறக்கிறதா என்று பார்த்தால் போதும்.

றேடியேற்றர் மூடியையும் வெறும் மூடியாக எண்ணக் கூடாது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்துகிறது. றப்பர் தேய்ந்த மூடியுடன் ஓடுகிறவர் அந்த 11 பாகையை இழந்துவிட்டு ஓடுகிறார்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர். வன்னியின் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் கடினமானவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எஞ்சினின் உட்சுவரிலும் றேடியேற்றர்க் குழாய்களிலும் படிகிறது. ஒவ்வொரு தடவை கொதித்து வற்றும்போதும் ஆவி போய்விட, கல்சியம் உள்ளே தங்கிவிடுகிறது. மறுபடி கிணற்றுத் தண்ணீர் விடும்போது இன்னும் சேர்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரோ, சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரோ விடலாம். அதனுடன், தண்ணீர் உறைவதையும் துருவையும் தடுக்கும் திரவமான கூலன்ட் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமலும் பாதிக்கு மேற்படாமலும் கலந்திருக்க வேண்டும். பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். துருவைத் தடுப்பதே இங்கே அதன் முதல் வேலை. படிந்த சுண்ணாம்பைக் கரைக்கச் சிலர் பற்றரி அசிட் விடுகிறார்கள், அது அலுமினியத்தையும் சேர்த்தே தின்றுவிடும். சித்திரிக் அமிலக் கரைசலை விட்டு ஓட்டி, வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுவது பாதுகாப்பானது.

வீதியில் கொதித்துவிட்டால், தண்ணீர் இன்னும் இருந்து பெல்ட்டும் அறாமல் இருக்குமானால், எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டே நிறுத்த வேண்டும். தண்ணீர் வெளியேறிவிட்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். அரை மணித்தியாலமாவது கழியாமல் மூடியில் கை வைக்கக் கூடாது. அப்போதும் சாக்கைப் போட்டு, முகத்தை விலக்கி, முதற் சுற்றில் ஆவி போகவிட்டுத்தான் திறக்க வேண்டும். மார்பிலும் முகத்திலும் வெந்த தழும்புடன் வந்த உதவியாட்களை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னர் அதை மெதுவாக ஓடவிட்டபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். கொதித்த இரும்பில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றியதால் வெடித்த ஹெட்டுகள் என் கராஜின் பின்பக்கத்தில் இப்போதும் அடுக்கிக் கிடக்கின்றன.