மேடையை விட்டாலும் இசையை விட வேண்டியதில்லை

முப்பது நாற்பது வருடம் மேடையில் பாடியவர்களும் வாசித்தவர்களும் ஓய்வுக்குப் பிறகு என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். பொழுது சாய்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நள்ளிரவு தாண்டியும் கண் மூட முடியவில்லை என்பார்கள். வீட்டார் அதைத் துக்கம் என்று மட்டும் நினைக்கிறார்கள். உடம்பின் பழக்கமும் அதில் உண்டு. மேடையேறும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. நிகழ்ச்சி முடிந்தும் அந்தப் படபடப்பு உடனே அடங்குவதில்லை. வருடக்கணக்கில் அதற்குப் பழகிய உடம்பை ஒரே நாளில் மாற்றச் சொன்னால் தவிக்கத்தான் செய்யும். அதனால், முடிந்தவர்கள் நிகழ்ச்சிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரட்டும் என்பேன். விடைபெறும் கச்சேரி என்று ஒன்றை வைத்துக்கொள்வதும் நல்லது. பியானோக் கலைஞர் ஆல்ஃபிரட் பிரெண்டல் 2008 டிசம்பரில், 77 வயதில், அப்படித்தான் விடைபெற்றார். பிறகு உரை நிகழ்த்தினார், கவிதை வாசித்தார், இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் பிளெய்ஷருக்கு 1960களின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோது, வலது கை விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின. அது டிஸ்டோனியா என்ற நரம்பியல் கோளாறு. முதலில் மனம் உடைந்துபோனார். அதன்பின் இடது கைக்கென்றே எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார், இசைக்குழுவை நடத்தினார், ஆசிரியப் பணியில் ஆழ்ந்தார். வாத்தியம் வாசிக்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வலியே இல்லாமல் விரல் சொன்னபடி கேட்க மறுத்தால், கூடுதலாகச் சாதகம் செய்து சரிப்படுத்தப் பார்க்காதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

உடம்பைவிடக் கடினமானது, "இனி நான் யார்?" என்ற கேள்வி. கைதட்டலை இழந்ததைக்கூடத் தாங்கிக்கொள்கிறார்கள். ஒத்திகைத் தோழர்கள் அழைக்காமல் போவதைத் தாங்க முடிவதில்லை. இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்களே அதிகம். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. மேடை, இசை வாழும் இடங்களில் ஒன்று, அவ்வளவுதான். கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964-ல், 31 வயதிலேயே கச்சேரி மேடையை விட்டார். அவருடைய இசை ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடர்ந்தது.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலுமே பிடிப்பு இல்லாமல் போனாலோ உதவி தேடத் தயங்காதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: விருந்தினர் முன் "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று வற்புறுத்தாதீர்கள். மனம் நோகுமே என்று வாத்தியத்தை எடுத்து ஒளித்தும் வைக்காதீர்கள். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.