ஸ்கேன் நார்மல், அப்புறம் ஏன் கழுத்து வலி போகல?

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் சிக்னல்ல நின்னுட்டு இருந்தப்போ பின்னாடி இருந்து ஒரு வேன் வந்து காரை இடிச்சிருச்சாம். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். ஆனா நாலு மாசம் ஆகியும் கழுத்து வலி போகல, இப்போ தோள், இடுப்புன்னு பரவுதாம், சட்டை காலர் பட்டாலே சுருக்குங்குதாம். சொந்தக்காரங்க "இன்சூரன்ஸ் காசுக்கு நடிக்கிறான்"னு பேசுறாங்களாம். படிச்சதும் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு.

முதல்ல இந்த நடிப்பு விஷயத்தை முடிச்சிருவோம். அமெரிக்காவுல நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல சாமுவேல் மெக்லீன்னு ஒரு எமர்ஜென்சி டாக்டர் இருக்கார். கார் விபத்துல சிக்கி எமர்ஜென்சிக்கு வந்த 948 பேரை, வந்த கொஞ்ச நேரத்துலயே ஆய்வுல சேர்த்து, ஆறு வாரம் கழிச்சு கூப்பிட்டு விசாரிச்சிருக்கு இவரோட டீம். பதில் கிடைச்சவங்கள்ல கேஸ், வக்கீல்னு எதுக்குமே போகாதவங்க 711 பேர். அவங்களை மட்டும் எடுத்துக்கிட்டாலும் 28 சதவீதம் பேருக்கு கழுத்து வலி நடுத்தரமாவோ கடுமையாவோ அப்படியே இருந்துச்சு, 13 சதவீதம் பேருக்கு உடம்பு முழுக்க வலி பரவியிருந்துச்சு. கேஸ் போட்டவங்ககிட்ட வலி இன்னும் அதிகம்தான், ஆனா அவங்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கே அதிக வலியோட வந்தவங்க. காசே கேட்காத ஆளு எதுக்குங்க நடிக்கணும்?

சரி, வலி எங்க இருக்கு? பின்னாடி இடிச்சதும் உடம்பு சீட்டோட முன்னாடி போகும், தலை ஒரு கணம் பின்தங்கும், கழுத்து வெடுக்குன்னு இழுபடும், அதைத்தான் விப்லாஷ்னு சொல்றாங்க. தசைநார் காயம் பெரும்பாலும் சில வாரத்துல ஆறிரும். எனக்கு ஆச்சரியம் தர்ற இடம் அதுக்கு மேல, தண்டுவடத்துல இருக்கு.

காயம்பட்ட இடத்துல இருந்து வர்ற நரம்பு தண்டுவடத்தோட பின்பகுதியில அடுத்த செல்லுக்கு சேதி சொல்லணும், அதுக்கு குளூட்டமேட்னு ஒரு ரசாயனத்தை விடும். வாங்கிக்கிற செல்லுல அதுக்கு ரெண்டு விதமான கதவு இருக்கு. ஏஎம்பிஏ ரிசெப்டர் குளூட்டமேட் பட்டதும் திறந்துரும், சாதாரண வலி அதுலயே நடந்து முடிஞ்சிரும். இன்னொண்ணு என்எம்டிஏ ரிசெப்டர், அதோட வாயில ஒரு மேக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், அதனால குளூட்டமேட் வந்தாலும் உள்ள எதுவும் போகாது. ஆனா வலி சேதி விடாம வந்துக்கிட்டே இருந்தா செல்லுக்குள்ள மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா பாசிட்டிவ் பக்கம் ஏறும், மேக்னீசியமும் பாசிட்டிவ்தானே, உள்ள இருந்து தள்ளு வாங்கி வெளிய போயிரும். அந்த வழியா கால்சியம் உள்ள பாயும், சில என்சைம்கள் வேலையை ஆரம்பிக்கும், இருக்குற ரிசெப்டரெல்லாம் கூர்மையாகும், புதுசா ஏஎம்பிஏ ரிசெப்டர்களும் செல்லோட மேல்பரப்புக்கு வந்து சேரும். அதுக்கப்புறம் அந்த செல் முன்ன மாதிரி இல்ல. வெறும் தொடுதலுக்கான சேதி வந்தாலும் மூளைக்கு "வலி"ன்னு அனுப்பும், பக்கத்து இடத்துல இருந்து வர்றதுக்கும் அதே பதில்தான். காலர் பட்டா சுருக்குங்குறதும் வலி தோளுக்குப் பரவுறதும் இப்படித்தான்.

தண்டுவடமே இப்படி கூர்மையாயிருதுன்னு 1983ல கிளிஃபோர்ட் வுல்ஃப்னு ஒரு விஞ்ஞானி லண்டன்ல எலிகளை வச்சு காட்டினார். காயம்பட்ட காலை மரத்துப்போக வச்சு அங்க இருந்து சேதியே வராம பண்ணின பிறகும் தண்டுவடத்தோட அந்த மிகை உணர்ச்சி போகல. எவ்வளவு அழகான சோதனை பாருங்க! கோளாறு இப்போ காயத்துல இல்ல, காயத்தோட சேதியை வாங்குற இடத்துல இருக்குன்னு ஒரே போடா போட்டுட்டார். எம்ஆர்ஐ எலும்பையும் டிஸ்கையும் காட்டும், ஒரு செல்லுல எத்தனை ரிசெப்டர் ஏறியிருக்குன்னு காட்டாது.

அப்போ ஒருத்தருக்கு ஆறிருது, இன்னொருத்தருக்கு ஏன் ஆறல? ஒரு காரணம் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்ட்டிசால். எஃப்கேபிபி5ங்கிற ஜீன் தயாரிக்கிற புரோட்டீன், கார்ட்டிசாலை வாங்குற ரிசெப்டரோட பிடிமானத்தைக் குறைக்கும். இந்த புரோட்டீன் அளவுக்கு மீறிப் போகாம மைக்ரோ ஆர்என்ஏ 320ஏன்னு ஒரு குட்டித் துண்டு அடக்கி வைக்கும். மெக்லீன் குழுவுல சாரா லின்ஸ்டெட் முதல் பேரா 2018ல வெளியான ஆய்வு என்ன சொல்லுதுன்னா, சிலருக்கு இந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அதனால அந்தத் துண்டு சரியா ஒட்ட முடியல, புரோட்டீன் கூடிருது, கார்ட்டிசாலோட வேலை சரியா நடக்காது, அவங்களுக்கு விபத்துக்கு அப்புறம் வலி தங்கிப்போற வாய்ப்பு கூடுது. ஜீன் மட்டுமே தீர்மானிக்கும்னு இல்ல, தூக்கம், பயம், முதல் நாள் வலியோட அளவு எல்லாம் சேர்ந்துதான்.

இங்க கொஞ்சம் என் கருத்தையும் சொல்லிக்கிறேன். 2022ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல காயம்பட்டவங்க 4,43,366 பேர்னு மத்திய அரசு கணக்கு. இதுல ஆறு மாசம் கழிச்சு எத்தனை பேருக்கு வலி இருந்துச்சு? அந்தக் கணக்கு அதுல கிடையாது. தமிழ்நாட்டுல முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர்ற திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, உண்மையிலேயே நல்ல திட்டம். அதுல சேர்ந்தவங்களுக்கு ஆறாவது வாரமும் ஆறாவது மாசமும் போன் போட்டு நாலு கேள்வி கேட்க ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குங்கன்னுதான் கேட்கிறேன், இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். திருஷ்டி கழிக்கிறதை மூடநம்பிக்கைன்னு சொல்ற நாமளே ஸ்கேன்ல தெரியலைன்னா வலியே இல்லைன்னு நம்புறோம், இதுவும் மூடநம்பிக்கைதான், நோயாளியை இது இன்னும் மோசமா காயப்படுத்துது.

தங்கச்சி, உங்க வீட்டுக்காரரை வலி சிகிச்சை பார்க்குற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பெரிய அரசு மருத்துவமனைகள்ல மயக்கவியல் துறையில விசாரிச்சா வழி சொல்வாங்க. கழுத்துப் பட்டையை மாசக்கணக்கா போட்டுக்கிட்டு அசையாம இருக்க வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா அசைக்கணும், தூக்கம் கெட்டிருந்தா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். கை மரத்துப்போச்சு, பிடி தளர்ந்துச்சு, நடை தடுமாறுதுன்னா மட்டும் அப்பாயின்ட்மென்டுக்கு காத்திருக்காம அன்னைக்கே போயிருங்க.