பழைய விமானத்துக்குப் புதுப் பெயின்ட் பூசாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய இராணுவ விமானம் ஒன்றைக் காட்சிக்கு வைக்கலாமா என்று யாராவது ஆலோசனை கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது கூரைக்குக் காசு இருக்கிறதா என்பதுதான். எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்தப் போரில் பறந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கேட்டவரின் முகம் உடனே சுருங்கிவிடும். அவர் மனதில் இருப்பது பாடசாலை வாசலில் தூண் மீது மூக்கை உயர்த்தி, பறந்துவிடப் போவதுபோல் நிற்கும் விமானம். நானோ கொட்டகை, மின்விசிறி, வடிகால் என்று பேசுகிறேன்.

விமான உடற்பகுதிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பவியலாளராகத் தொடங்கி, பின்னர் வெளிநாட்டு அருங்காட்சியகப் பட்டறைகளில் பழைய போர் விமானங்களைப் பேணும் வேலைக்கு மாறியவன் நான். இரண்டு வேலைகளும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். பறக்கும் விமானத்தில் பழுதான பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் கடமை. அருங்காட்சியக விமானத்தில் அந்தப் பழைய பாகம்தான் பொக்கிஷம். இந்த வேறுபாடு புரியாததால் போரில் தப்பிய எத்தனையோ விமானங்கள் அன்பானவர்களின் கையில் அழிந்திருக்கின்றன.

அலுமினியம் கறள் பிடிக்காது என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. சமையலறைப் பானைக்கு அது ஓரளவு சரி. விமானத்தின் தோல் தூய அலுமினியம் அல்ல. ஏறத்தாழ நான்கு சதவீதம் செம்பு கலந்த டியூரலுமின் என்ற கலப்புலோகம் அது. செம்பு சேர்வதால் உருக்குக்கு நிகரான வலிமை வருகிறது; உப்பைத் தாங்கும் திறன் போய்விடுகிறது. அதனால்தான் அதன் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டினார்கள். அந்தப் போர்வை தகட்டின் தடிப்பில் சில சதவீதம் மட்டுமே. பழைய விமானத்தைக் கண்ணாடி போல மின்ன வைக்கிறோம் என்று பொலிஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் தேய்த்து எடுப்பது அழுக்கை மட்டுமல்ல, அந்தப் போர்வையையும்தான்.

நம் குடாநாட்டில் எங்கு நின்றாலும் கடலோ கடல்நீரேரியோ கிட்டத்தான் இருக்கிறது. வைகாசி தொடக்கம் சோளகம், அது ஓய்ந்ததும் வாடை. இரண்டு காற்றும் உப்பைச் சுமந்துதான் வருகின்றன. அந்த உப்பு தகட்டில் படிந்து இரவுப் பனியில் கரைந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். தகடுகளை இணைக்கும் தறையாணி (ரிவெட்) வரிசையை உருப்பெருக்கியால் பாருங்கள். ஆணித் தலையைச் சுற்றி முதலில் சாம்பல் நிற வளையம், அடுத்து வெள்ளைத் தூள், அதன் பின் தகடு மெல்ல உப்பி எழுவது தெரியும். கறள் உலோகத்தை விட அதிக இடம் பிடிப்பதால், இரண்டு தகடுகளுக்கு இடையில் உருவாகும்போது அவற்றை நெம்பிப் பிரிக்கிறது. முற்றிய நிலையில் தகடு ஏடு ஏடாகக் கழன்று வரும். சில்லுகளிலும் இயந்திர உறைகளிலும் உள்ள மக்னீசியக் கலப்புலோகத்தின் கதி இன்னும் மோசம்.

மெம்பிஸ் பெல் என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் இதற்கு நல்ல பாடம். இரண்டாம் உலகப் போரில் 25 தாக்குதல் பயணங்களை முடித்துத் திரும்பிய புகழ் அதற்கு உண்டு. போர் முடிந்ததும் 1946இல் மெம்பிஸ் நகரம் அதை வெறும் 350 டொலருக்கு வாங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது வெட்டவெளியில் நின்றது. மழையும் வெயிலும் ஒருபுறம், நினைவுப் பொருளுக்காகக் கருவிகளைக் கழற்றிச் சென்றவர்கள் மறுபுறம். 2005இல் டேட்டனிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அது கொண்டுசெல்லப்பட்டது. காட்சிக்கு வந்தது 2018 மே மாதத்தில். ஊரே கொண்டாடிய விமானத்துக்கே இந்த நிலை.

தூண் மீது நிறுத்துவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விமானத்தின் வயிற்றுப்பகுதியில் சிறிய வடிதுளைகள் இருக்கும். அது தரையில் சில்லுகளில் நிற்கும்போது எந்த இடம் தாழ்வாக இருக்குமோ அங்கேதான் வடிவமைப்பாளர்கள் துளையிட்டிருப்பார்கள். மூக்கை உயர்த்தி, ஒரு சிறகைச் சரித்துத் தூணில் ஏற்றியதும் தாழ்வான இடம் மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தேங்கும். துளை சரியான இடத்தில் இருந்தாலும் குளவி சும்மா விடாது, மண்ணால் அடைத்துவிடும். அந்த மண் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இயந்திரத்தைக் கழற்றினால் மூக்கின் பாரம் குறைந்து விமானம் வாலில் குந்திவிடும் என்பதற்காக மூக்குக்குள் சீமெந்துக் கலவையை ஊற்றுவதும் வழக்கம். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். பிறகு அதைப் பெயர்த்தெடுப்பதும் இயலாத காரியம். நன்கொடையாளரின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை விமானத்தின் உடலிலேயே பித்தளைத் திருகாணியால் முடுக்குவது இன்னொரு கொடுமை. உபயகாரரின் பெயர் இல்லாத மின்குமிழ் நம் கோவில்களில் அரிது, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால் அது மின்கலம்தான், அதில் கரைவது அலுமினியம். கடையில் வாங்கும் துருப்பிடிக்கா உருக்கு ஆணியும் இதே வேலையைச் செய்யும். பெயரை அருகில் ஒரு கல்லில் பொறியுங்கள். கல் கூடுதல் காலம் நிற்கும்.

இனி பெயின்ட். நான் அதிகம் சண்டை பிடித்திருப்பது இதற்காகத்தான். பழைய விமானம் பட்டறைக்கு வந்ததும் நாங்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, மறைவான இடமொன்றில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, நீர் தொட்ட நுண்ணிய அரத்தாளால் வட்டமாகத் தேய்ப்பது. நடுவில் ஆழமாகவும் ஓரத்துக்கு வர வர மேலோட்டமாகவும் தேய்க்க வேண்டும். மெல்ல மெல்ல, வெட்டிய மரத்தின் வளையங்கள் போல அடுக்குகள் தெரியத் தொடங்கும். நடுவில் உலோகம், அதைச் சுற்றி பச்சை கலந்த மஞ்சள் அடிப்பூச்சு, பிறகு உருமறைப்பு நிறம், அதன் மேல் அவசரமாக அடித்த சாம்பல், கடைசியாக யாரோ ஒரு விழாவுக்காகப் பூசிய வீட்டு எனாமல். அந்த விமானம் எங்கெல்லாம் சேவை செய்தது, எப்போது கைமாறியது, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கும். மணல் பீச்சியோ இரசாயனம் தடவியோ முழுவதையும் உரித்துவிட்டுப் புது நிறம் அடித்தால், கையில் மிஞ்சுவது அதே அளவிலான ஒரு பொம்மை. மஞ்சள் அடிப்பூச்சில் புற்றுநோயை உண்டாக்கும் குரோமேட் இருக்கலாம் என்பதால், முகக்கவசம் இல்லாமல் உலர்ந்த நிலையில் தேய்ப்பவர் தன் நுரையீரலையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார்.

அடுக்குகள் தெரிந்த பிறகுதான் கடினமான கேள்வி வரும். இந்த விமானத்தை எந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோவது? நமக்கு நெருக்கமான உதாரணம் டகோட்டா. இரண்டாம் உலகப் போரில் படையினரையும் சரக்கையும் ஏற்றுவதற்காக ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட வகை அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின் முதற்பயணம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்குச் சென்றதும் ஒரு டகோட்டாவில்தான். சீதாதேவி என்று அதற்குப் பெயர். அது இறங்கிய பலாலி ஓடுபாதையும் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்ததே. அப்படியொரு டகோட்டா இன்று நம் கைக்குக் கிடைத்தால் படை நிறத்தில் காட்டுவோமா, பயணிகள் நிறத்திலா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றது மறையும். இருக்கும் மேற்பூச்சைச் சுத்தம் செய்து அப்படியே விட்டு, மற்ற நிறங்களைப் படங்களில் காட்டுங்கள் என்பது என் கட்சி. ஒளிமங்கிய விமானத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று நிர்வாகிகள் கேட்பார்கள். வருகிறார்கள். ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடிப் பார்க்கும் பார்வையாளர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தை மீண்டும் எழுப்பியபோது, எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக அப்படியே விட வேண்டும் என்ற குரலும் எழுந்தது. இன்று அங்கே படிக்கும் மாணவர்களுக்கு ஒரு நூலகம் இருக்கிறது, அது பெரிய காரியம். ஆனால் வெள்ளைச் சுவரில் நெருப்பின் தடயத்தைத் தேடி ஏமாந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

கடலிலிருந்து எடுத்த பாகங்கள் பற்றி மீனவர்கள் சிலர் கேட்பதுண்டு. 1940இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் டோர்னியர் 17 ஒன்று 2013 ஜூனில் ஆங்கிலக் கால்வாயின் குட்வின் மணல்திட்டிலிருந்து தூக்கப்பட்டது. இங்கிலாந்தின் கொஸ்ஃபோர்டிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நெகிழித் தாள் கூடாரங்களுக்குள் வைத்து, அமிலத்தன்மை தணித்த சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தூவித் தூவி உப்பை வெளியேற்றினார்கள். காயவிட்டிருந்தால் உள்ளே ஊறிய உப்பு உலோகத்தைத் தின்று தீர்த்திருக்கும். சிட்ரிக் அமிலம்தானே, தேசிக்காய் பிழிந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது, தேசிக்காய்ப் புளி மிகக் கடுமையானது, உலோகத்தையே அரிக்கும். எடுத்ததை நல்ல தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எடுக்காமல் விடுவது அதைவிட நல்லது. வீழ்ந்த விமானம் பல வேளைகளில் ஒருவருடைய கல்லறையும்கூட.

ஆபத்துகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கரவெட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய விமானத்தின் உயரமானி ஒன்றைக் கொண்டுவந்தார். "அப்பா வைத்திருந்தது, ஐயா. முந்தி இருட்டில் மின்னும். இப்போது மின்னுவதில்லை, அதனால் பயமில்லைத்தானே? சின்னவளின் படிப்பு மேசையில்தான் கிடக்கிறது" என்றார். எண்கள் மங்கிய தவிட்டு நிறத்தில் இருந்தன, கண்ணாடியில் ஒரு வெடிப்பு. அக்காலக் கருவிகளின் எண்களில் பூசப்பட்டது ரேடியம் கலந்த பூச்சு. அதில் ஒளிர்வது ரேடியம் அல்ல, கூடக் கலந்த துத்தநாக சல்பைடு. கதிர்வீச்சு பட்டுப் பட்டு அது சில பத்தாண்டுகளில் களைத்துவிடும். ரேடியத்தின் அரைவாழ்வோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள். மின்னாத முகப்பு அன்றுபோலவே இன்றும் கதிர்வீசிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி வெடித்து, உதிரும் தூள் கைவழியாக வாய்க்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அத்தகைய கருவியைத் திறக்கவோ துடைக்கவோ வேண்டாம். இறுக மூடும் உறையில் போட்டு, ஆட்கள் புழங்காத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் கையில் படக்கூடாது. நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

ஜெட் விமானங்களின் வெளியேற்று இருக்கையில் வெடிமருந்துக் குழல்கள் உண்டு. அவை அகற்றப்பட்டனவா என்று சான்று இல்லாமல் எந்த விமானி அறைக்குள்ளும் யாரையும் ஏற்றக் கூடாது. வயலிலோ கிணற்றிலோ அடையாளம் தெரியாத உலோகப் பொருள் கண்டால் தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள். இதை நம் ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, விமானத்தின் முன்னால் வைக்கும் விளக்கப் பலகை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கேயின் முன்பகுதியை 1995இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது, குண்டு விழுந்த இடத்தின் அவலத்தையும் சேர்த்துக் காட்டவே முதலில் திட்டமிட்டிருந்தார்கள். முன்னாள் படையினரின் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் எதிர்க்க, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். வேகம், எடை, இயந்திர வலு என்று எழுதுவது பாதுகாப்பான வழி. எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. பொம்மர் சத்தம் கேட்டதும் பதுங்கு குழிக்கு ஓடிய தலைமுறை நம்முடையது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் இறந்தார்கள். 2007இலும் 2009இலும் விளக்குகளை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்துப் பயந்த கொழும்பு மக்களும் இருக்கிறார்கள். ஒரு போர் விமானத்தின் வரலாறு அதன் சிறகோடு முடிவதில்லை என்பதால், விமானி, தரையில் நின்று பழுதுபார்த்தவர், கீழே இருந்தவர் என மூவருக்கும் அந்தப் பலகையில் இடம் வேண்டும்.

ரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், விமானத்தின் முன் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிட வேண்டாம். 1971இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17 வகையும் அங்கே இருக்கிறது. தறையாணி வரிசையைக் கிட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். உடலின் பாரம் டயரில் நிற்கிறதா, தாங்கியில் நிற்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். வடிதுளைகளை எண்ணச் சொல்லுங்கள். வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகளாவது கேட்கட்டும்: இந்த நிறம் எந்த ஆண்டினுடையது, இதன் அடியில் என்ன நிறம் இருந்தது?