யாரும் வாசிக்காத மெட்டு

உகாண்டாவின் புகாண்டா அரசவையில் வளர்ந்த அமடிண்டா என்ற மர வாத்தியத்தில் 12 மரத்துண்டுகள். வெட்டிய வாழைமரங்கள் இரண்டின்மேல் அவற்றைக் கிடத்தி, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து குச்சிகளால் தட்டுவார்கள். ஒருவர் சீராக ஒரு சுர வரிசையை வாசிக்க, மற்றவர் தன் வரிசையை அதன் இடைவெளிகளில் நுழைப்பார். வேகம் கூடியதும் காது இருவரையும் பிரித்துக் கேட்பதை விட்டுவிடுகிறது. கீழ்ச்சுரங்களை ஒரு மெட்டாகவும் மேற்சுரங்களை இன்னொன்றாகவும் கோத்துக்கொள்கிறது. அந்த மெட்டுகளை எந்தக் கையும் வாசிக்கவில்லை! மூன்றாமவர், கீழ்க்கோடிச் சுரங்கள் இரண்டும் வரும் இடங்களை மட்டும் பொறுக்கி, இரண்டு ஸ்தாயி மேலே தட்டிக்காட்டுவார்.

நைஜீரிய இசையமைப்பாளர் அக்கின் யூபா, பியானோவையும் தாள வாத்தியம்போல் கையாளும் ஆப்பிரிக்கப் பியானோ முறை ஒன்றை முன்வைத்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி, ஆப்பிரிக்கத் தாள அமைப்புகளால் ஈர்க்கப்பட்டு, 1985இல் முடித்த பியானோ பயிற்சித் தொகுப்பின் முதல் உருப்படியில் வலது கைக்கு வெள்ளைக் கட்டைகளையும் இடது கைக்குக் கறுப்புக் கட்டைகளையும் கொடுத்தார். வலது கையில் அழுத்தி வாசிக்கும் சுரங்கள் மெல்ல மெல்ல முந்திக்கொண்டே போகும்.

அமடிண்டா முறையைப் பியானோவில் வாசிக்க, இரண்டு கைகளை இரண்டு வாத்தியக்காரர்களாக்குவது கேட்க எளிது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு வலது கையில் இரண்டு சுரம், அவற்றின் நடுவில் இடது கையில் இரண்டு என்று தொடங்குங்கள். 120க்குப் போனால் நொடிக்கு எட்டுச் சுரம்.

இங்கேதான் சிக்கல். இரு கைகளுக்கும் ஒரே கட்டை அடுத்தடுத்து வந்தால் விரல்கள் மோதும். நிமிர்ந்த பியானோவில் கட்டை ஏறக்குறைய முழுதாக மேலே வந்தால்தான் சுத்தி மறுபடி அடிக்கும். படுக்கைவாட்டமான கிராண்ட் பியானோவில் அது பாதி எழுந்தாலே போதும். மோதலுக்குப் பயந்து இடது கையை ஒரு ஸ்தாயி இறக்கினால் நோக்கமே கெட்டுவிடும்: காது மெட்டைக் கோக்காமல் கைகளைப் பிரித்துவிடும். ஆகவே இரு கைகளும் வாசிக்கும் சுர எல்லை ஒன்றாகவே இருக்கட்டும். ஒரே கட்டை அடுத்தடுத்து வராதபடி வரிசையை அமைப்பதே சரி. ஒரு கை மட்டும் ஓங்கி ஒலித்தாலும் இதே கதிதான். வலது பெடலைத் தொடாதீர்கள், எல்லாம் குழம்பிவிடும்.

சுருதியில் சமரசம் தவிர்க்க முடியாதது. அமடிண்டா ஸ்தாயியை ஏறக்குறைய ஐந்து சம பங்காக, 240 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) வீதம், பிரிக்கிறது. பியானோவின் கறுப்புக் கட்டைகளில் இடைவெளி 200 அல்லது 300. நம் காதுக்கு அது மோகனம். வரிசையை ஒரு கட்டை நகர்த்தினால் அமடிண்டாவில் சாயல் பெரிதாக மாறாது; பியானோவில் ராகமே மாறிவிடும்.

ஜிம்பாப்வேயில் உலோகப் பட்டைகளை விரலால் மீட்டும் ம்பிரா வாத்தியத்தில் சிப்பிகளோ பாட்டில் மூடிகளோ சேர்ந்து எழுப்பும் இரைச்சலுக்குப் பியானோவில் இடமில்லை. அதற்கு மெல்லிய காகிதப் பட்டையைக் கம்பிகளுக்கிடையே மேலும் கீழுமாகக் கோக்கலாம். திருகாணி வைப்பதானால் முதலில் வலது பெடலை அழுத்தி கம்பியின் அதிர்வை நிறுத்தும் டாம்பர்களைத் தூக்கிவிட்டு, மூன்று கம்பிகள் உள்ள இடத்தில் இரண்டுக்கு நடுவே தளர்வாகச் செருக வேண்டும். திணித்தால் சுருதி கலையும். செம்பு சுற்றிய அடிக்கம்பிகளை விட்டுவிடுங்கள். வெறுங்கையால் கம்பியைத் தொட்டால் வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும்.